உறங்கும் கட்டுரைகள் மீட்புக் குழு

எங்கள் பல்கலைக்கழகத்தில் பதினெட்டு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். யார் என்ன பேசினார், யார் வழிமொழிந்தார், கூட்டம் எத்தனை மணிக்குக் கலைந்தது என்று எழுதித் தருவதுதான் என் வேலை. பேசியதில் அர்த்தம் இருந்ததா என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை இங்கே கொட்டவேண்டி வந்திருக்காது.

ஊர் கர்லூ முகத்துவாரம். சிட்னியிலிருந்து தெற்கே காரில் ஐந்து மணி நேரம். ஊரில் சிப்பிப் பண்ணைகள் உண்டு, மாட்டு மேய்ச்சல் நிலம் உண்டு, பல்கலைக்கழகம் உண்டு. முதல் இரண்டும் சாப்பாடு போடுகின்றன. மூன்றாவது, தான் உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்று கண்ணாடி பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அங்கே தண்ணீர் ஆராய்ச்சி செய்தவர் லொரெய்ன் ஸ்டக்கி. ஐம்பத்து நான்கு வயது. அலுவலகத்துக்கு ரப்பர் பூட்ஸோடு வருவார், அதனாலேயே அவரை யாரும் பேராசிரியர் என்று நினைத்ததில்லை, ஆக்கியதும் இல்லை. படகுத் துறையில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய சோதனை நிலையம். மழை பெய்தால் தண்ணீர் எடுத்துப் பார்த்துவிட்டு, பண்ணைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்வார்.

அவர் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் ஊரில் பழைய சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மேய்ச்சல் நிலமாக்கினார்கள். அந்த மண் காய்ந்தால் அமிலம் ஊறும். மழை பெய்தால் அமிலம் வடிகால் வழியாக இறங்கி, முகத்துவாரத்தில் இருக்கும் சிப்பியை எல்லாம் கொன்றுபோடும். வடிகாலின் வாயில் இருக்கும் மதகை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும், கடல் தண்ணீர் ஏறி இறங்கி அமிலத்தை முறித்துவிடும். லொரெய்ன் கண்டுபிடித்தது இதுதான். ஆறே பக்கம். தலைப்பு, ‘மதகைச் சாண் அளவு திறந்து வைத்தால் சிப்பி சாவதில்லை’. கவுன்சில்காரர்கள் படித்தார்கள், திறந்து வைத்தார்கள். சிப்பி சாகவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையை வேறெந்த ஆராய்ச்சியாளரும் தன் கட்டுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதற்கு மேற்கோள் என்று பெயர். கல்யாண மொய் மாதிரிதான், நீ எனக்கு எழுதினால் நான் உனக்கு எழுதுவேன். லொரெய்ன் யாருக்கும் எழுதவில்லை. அவருடைய மேற்கோள் எண்ணிக்கை எட்டு வருஷமும் பூஜ்யமாகவே நின்றது.

எட்டாவது வருஷம் பிப்ரவரியில் பல்கலைக்கழகம் தரவரிசையில் பதினோரு இடம் கீழே இறங்கியது. பூஜ்யங்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் யாரும் மேற்கோள் காட்டாத கட்டுரைக்கு ‘உறங்கும் கட்டுரை’ என்று பெயர் வைத்து, அதை எழுதியவர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஜூன் முப்பதுக்குள் கட்டுரையை எழுப்பவேண்டும். எழுப்பாவிட்டால் பதவி ‘புதிய வாய்ப்புகளை நோக்கி விடுவிக்கப்படும்’. லொரெய்னின் பதவி போனால் படகுத் துறைக் கொட்டகையும் பூட்டப்படும் என்று கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

எழுப்புவதற்கு உதவ ஒன்பது பேர் கொண்ட மீட்புக் குழு. தலைவர் பேராசிரியர் டக்ளஸ் ஃபென்விக், ஆய்வுகளுக்கான துணைவேந்தர். “என்னை ‘டக்’னே கூப்பிடுங்க, இங்க பெரியவன் சின்னவன் கிடையாது” என்று எல்லாக் கூட்டத்தையும் ஆரம்பிப்பார். பிறகு பெரியவர்கள் என்ன முடிவு செய்துவிட்டார்கள் என்று சின்னவர்களுக்குச் சொல்வார்.

முதல் கூட்டத்தில் லொரெய்னின் கட்டுரையை மேஜைமேல் வைத்து ஒன்பது பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கும் அறையில் இதைவிடக் கொஞ்சம் மரியாதை இருக்கும்.

“லொரெய்ன், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் ஃபென்விக். “முதல் கோளாறு தலைப்புலயே இருக்கு. படிச்சதும் புரியுது.”

“புரியணும்னுதானே வெச்சேன்.”

“அதான் சொல்றேன். தலைப்புலயே விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னா உள்ள எதுக்கு ஒருத்தன் வருவான்? நடுவுல ரெண்டு புள்ளி வெச்சு, அந்தப் பக்கம் ஒரு வாக்கியம் இந்தப் பக்கம் ஒரு வாக்கியம் போட்டிருக்கணும். சரி, அது போகட்டும். கடைசிப் பக்கத்துக்கு வாங்க.” கண்ணாடியைக் கழற்றினார். குரல் தாழ்ந்தது. “கடைசி வரியில என்ன எழுதியிருக்கீங்கன்னு நீங்களே படிங்க.”

லொரெய்ன் படித்தார். “‘இது குறித்து மேலும் ஆய்வு தேவையில்லை. மதகைத் திறந்து வைத்தால் போதும்.’”

அறையில் யாரோ உச்சுக்கொட்டும் சத்தம் கேட்டது. ஒரு பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் உலகத்தில் எந்தக் கட்டுரையும் ‘மேலும் ஆய்வு தேவை’ என்றுதான் முடியும். சோறு தின்றால் பசி அடங்கும் என்று கண்டுபிடித்தவரும் அப்படித்தான் முடிப்பார்.

“நாப்பது வருஷத்துல இப்படி ஒரு வரியை நான் பாத்ததில்ல,” என்றார் ஃபென்விக். “கதவைச் சாத்திட்டீங்களே. உங்களுக்கு அப்புறம் வர்றவன் என்ன பண்ணுவான்? அவனுக்கும் குடும்பம் இருக்கு, மானியம் வாங்கணும், மாணவர்களைச் சேக்கணும். பக்கத்து முகத்துவாரத்தைப் பாருங்க. அங்க மதகைத் திறக்கல, சிப்பி வருஷா வருஷம் சாகுது. இதுவரைக்கும் நாப்பத்தாறு கட்டுரை வந்திருக்கு. அது ஆரோக்கியமான துறை.”

“சிப்பி சாகுதே, டக்.”

“துறை உயிரோட இருக்கு, லொரெய்ன்.”

அவர் கேலி செய்யவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கேலி செய்ததில்லை. நான் அதை அப்படியே குறிப்பில் எழுதினேன். மறுவாரம் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டார்.

ஃபென்விக்கின் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுத் தலைமைப் பண்பு என்பதைப் பற்றி நானூற்று நாற்பது கட்டுரை எழுதியவர். அதில் ஒன்றுக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு மேற்கோள். நானூறு அவரே எழுதிக்கொண்டது. மீதி எண்ணூறைப் பற்றி லொரெய்ன் ஒருநாள் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டார்.

“எண்ணூறு பேரும் அது தப்புன்னு எழுதியிருக்காங்க,” என்றார் ஃபென்விக், முகம் மலர. “எண்ணூறும் எண்ணூறுதானே.”

அடுத்து, லொரெய்னைத் திருத்த சிட்னியிலிருந்து பியான்கா மொரெட்டி என்ற பயிற்சியாளரை வரவழைத்தார்கள். மேற்கோள் உயர்த்தும் பயிற்சி. அப்படி ஒரு தொழில் இருக்கிறது.

“ஆறு பக்கத்துல ஒரே கட்டுரையா எழுதிட்டீங்களே, வீணாப்போச்சு,” என்றார் பியான்கா. “மதகுக்கு ஒண்ணு, அமிலத்துக்கு ஒண்ணு, சாணுக்கு ஒண்ணு, சிப்பிக்கு ஒண்ணுன்னு பிரிச்சிருந்தா நாலு ஆயிருக்கும். நாலும் ஒண்ணையொண்ணு மேற்கோள் காட்டியிருக்கும். இப்பவும் கெட்டுப்போகல. அதையே திருப்பி எழுதி, பழசை மேற்கோள் காட்டுங்க.”

“அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே.”

“எதைச் சொன்னோம்கறது முக்கியமில்லீங்க, எத்தனை வாட்டி சொன்னோம்கறதுதான்.”

லொரெய்ன் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

பியான்கா ஒரு காலைத் தேநீர் விருந்துக்கு ஏற்பாடு செய்தார். உறங்கும் கட்டுரைக்காரர்கள் முப்பது பேர். ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு அட்டை, அதில் ‘நான் தரக்கூடியது’, ‘எனக்கு வேண்டியது’ என்று இரண்டு கட்டம். தேங்காய்த்தூள் உதிரும் லாமிங்டன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வரன் பார்க்க வந்தவர்கள்போல ஒருவர் அட்டையை ஒருவர் உற்றுப் பார்த்தார்கள். படித்த மனிதர்கள். அவர்களில் சிலர்மேல் எனக்கு மதிப்பு இருந்தது. பார்க்கவே எனக்குக் குமட்டியது.

லொரெய்னிடம் ரக்பி ஆட்டக்காரர்களின் முழங்காலைப் பற்றி எழுதும் ஒருவர் வந்தார்.

“முழங்காலும் ஒரு மதகு மாதிரிதான்னு எழுதி, உங்க பேரைப் போட்டுடறேன்,” என்றார் அவர். “நீங்க அடுத்த கட்டுரையில என் முழங்காலை எங்கயாவது நுழைச்சிடுங்க.”

“என் சிப்பிக்கு முழங்காலே கிடையாதுங்களே.”

“எல்லாத்தையும் அவ்வளவு கறாராப் பாக்காதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

லொரெய்ன் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேலை வேண்டாம் என்றில்லை. வீட்டுக் கடன் இருந்தது, படுக்கையில் கிடக்கும் கணவர் இருந்தார். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் சொன்னார்.

“அந்த ஆள் சொன்னதுக்குச் சரின்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், ட்ரெவர். வரமாட்டேங்குது. அளந்து பாக்காததை எப்படி எழுதறது?”

மே மாதக் கூட்டத்துக்குச் சாட்சி சொல்ல நெவ் டாட்டர்ஸ் வந்தார். நாற்பது வருஷமாகச் சிப்பி வளர்ப்பவர். அரைக்கால் சட்டையோடு வந்து, துணைவேந்தருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தாப்பா டக், அந்தக் கட்டுரையை நாங்க பதினேழு பண்ணைக்காரனும் படிச்சிருக்கோம். என் பொண்டாட்டி படிச்சிருக்கா. எட்டு வருஷமா ஒரு தட்டு சிப்பிகூடப் போகல. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

“அருமை,” என்றார் ஃபென்விக். “உங்க ஆராய்ச்சியாளர் அடையாள எண் சொல்றீங்களா?”

“எங்கிட்ட படகு நம்பர்தான் இருக்கு.”

“அப்ப இது பயன்பாடு. பயன்பாடு வேற, தாக்கம் வேற. தாக்கத்துக்கு ஆதாரம் வேணும்.”

“அதான் சொல்றேனே, சிப்பி சாகல.”

“சாகாத சிப்பியை நான் எப்படி எண்ணுவேன், நெவ்? செத்திருந்தா ஒரு எண்ணிக்கை இருக்கும். உங்ககிட்ட இருக்கறது வெறும் சிப்பி.”

நெவ் என்னிடம் திரும்பி, “இவரு நெசமாத்தான் பேசறாரா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எழுந்து போய்விட்டார். ‘சமூகப் பிரதிநிதியுடன் பயனுள்ள கலந்துரையாடல் நடந்தது’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

ஜூன் முதல் வாரம் குழு தன் அறிக்கையை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டது. கட்டுரைகள் ஏன் மேற்கோள் காட்டப்படுவதில்லை என்று ஆராயும் கட்டுரை. தலைப்பு நடுவில் இரண்டு புள்ளி இருந்தது. பத்துப் பேர் எழுதியது, பத்தாவது பியான்கா. யாராலும் ஒருமுறைகூட மேற்கோள் காட்டப்படாத கட்டுரைக்கு முதன்மை உதாரணம் என்று லொரெய்னின் ஆறு பக்கத்தைத் தலைப்போடு, வருஷத்தோடு, பெயரோடு குறிப்பிட்டிருந்தார்கள்.

அதுதான் மேற்கோள். பத்துப் பேருக்கும் தோன்றவில்லை. கணினிக்குத் தோன்றிவிட்டது. ஜூன் பதினொன்றாம் தேதி காலை லொரெய்னின் பெயருக்கு எதிரே பூஜ்யம் போய் ஒன்று வந்திருந்தது.

நான் வாழ்க்கையில் ஓடியதே இல்லை. அன்று படகுத் துறைவரை ஓடினேன். லொரெய்ன் தண்ணீர்க் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னதும் முதலில் நம்பவில்லை. நம்பியதும் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“திட்டறதுக்காகவாவது பேரைச் சொன்னாங்களே. போதும், ட்ரெவர். ஒண்ணு போதும். போய் என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்.”

மறுநாள் அவசரக் கூட்டம். ஃபென்விக்கின் முகம் வெளுத்திருந்தது. ஒருமுறைகூட மேற்கோள் காட்டப்படாதது என்று அறிக்கை சொல்கிறது. அந்தக் கட்டுரைக்கு இப்போது ஒரு மேற்கோள் இருக்கிறது. ஆகவே அறிக்கை சொன்னது பொய்யாகிவிட்டது.

“பொய்யான அறிக்கையில என் பேரு முதல்ல இருக்கு,” என்றார். “ரெண்டே வழிதான். அறிக்கையைத் திரும்ப வாங்கணும், இல்ல அந்த உதாரணத்தை எடுக்கணும். அறிக்கைக்குப் பின்னாடி ஒரு நிறுவனத்தோட மானம் இருக்கு. லொரெய்ன் பெருந்தன்மையானவங்க, புரிஞ்சுப்பாங்க.”

“எடுத்தா அவங்களுக்கு மறுபடி பூஜ்யமாயிடுமே,” என்றேன். பதினெட்டு வருஷத்தில் கூட்டத்தில் நான் பேசியது அன்று ஒருமுறைதான்.

“ஆமா,” என்றார் அவர். “அப்ப அறிக்கை சரியாயிடும்.”

ஏழு நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. உதாரணத்தை நீக்கித் திருத்தம் வெளியிட்டார்கள். ‘யாரும் எதிர்க்கவில்லை’ என்று எழுதினேன். குறிப்பெழுதுபவன் எதிர்த்தால் அது கணக்கில் வராது.

ஜூன் முப்பதாம் தேதி லொரெய்ன் விடுவிக்கப்பட்டார். கொட்டகையைப் பூட்டினார்கள். ஆகஸ்டில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. உப்புத் தண்ணீர் புல்லைக் கெடுக்கிறது என்று மாட்டுப் பண்ணைக்காரர்கள் மதகை மூடச் சொல்கிறார்கள், திறந்தே வைக்க அறிவியல் ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஃபென்விக் சொல்லச் சொல்ல நான் பதில் தட்டச்சு செய்தேன். ‘ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட மேற்கோள் எதுவும் கிடைக்கவில்லை.’ ஒரு எழுத்துப் பிழை இல்லை. நானேதான் அனுப்பினேன். இதை யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்களைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது கண்ணாடியைப் பார்த்தாலும் வருகிறது.

மதகை மூடினார்கள். அக்டோபரில் நான்கு நாள் விடாமல் மழை. வடிகாலில் துருநிறத்தில் தண்ணீர் இறங்கியது. பதினேழு பண்ணையிலும் சிப்பி வாய் பிளந்து கிடந்தது.

பல்கலைக்கழகம் உடனே விழித்துக்கொண்டது. சிப்பிச் சாவை ஆராய மூன்று வருஷத் திட்டம், பதினோரு ஆராய்ச்சியாளர்கள், தலைவர் ஃபென்விக். ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் பொறுப்பு பியான்காவுக்கு. அவரோடு குறிப்பெழுத என்னை அனுப்பினார்கள்.

நெவ்வின் கொட்டகையில் நீளமான மேஜைக்குப் பின்னால் லொரெய்ன் நின்றிருந்தார். செத்த சிப்பியைப் பொறுக்கித் தனியாகப் போடும் வேலை. நெவ் கொடுத்தது.

“லொரெய்ன், உங்களைப் பாத்ததுல ரொம்ப சந்தோஷம்,” என்றார் பியான்கா, மனதார. ஒலிப்பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்தார். “ஏன் செத்துச்சுன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?”

லொரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். மண், அமிலம், மதகு, சாண். முப்பத்தைந்து நிமிஷம். குரலில் கோபம் இல்லை. முன்னால் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோலப் பியான்கா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்.

“என் பேரைப் போடுவீங்கல்ல?” என்று கேட்டார் லொரெய்ன்.

“போட முடியாதுங்க. அறநெறிக் குழு விடாது. தகவல் சொல்றவங்க பேரை மறைக்கணும்னு விதி. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்.”

“யார்கிட்டேருந்து?”

பியான்கா படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு அதில் கட்டம் இல்லை.

அடுத்த வருஷம் கட்டுரை வந்தது. ஆறே மாதத்தில் நாற்பத்து மூன்று மேற்கோள். ஊர் மக்களின் பாரம்பரிய அறிவை மதித்ததற்காக விருதும் கிடைத்தது. மதகு இன்னும் மூடித்தான் இருந்தது, இரண்டாம் கட்ட ஆய்வு முடியவேண்டுமாம்.

நான் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பதினாறாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. ‘மதகைச் சாண் அளவு திறந்து வைப்பது உதவக்கூடும் என்று உள்ளூர்ச் சிப்பித் தொழிலாளி ஒருவர் (பங்கேற்பாளர் 7) நம்புகிறார்.’

லொரெய்ன் ஈரக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, காகிதம் நனையாமல் குனிந்து படித்தார். இரண்டு முறை படித்தார்.

“‘நம்புகிறார்’னு போட்டிருக்காங்க,” என்றார். “மூணு வருஷம் மழையில நின்னு அளந்தேன், ட்ரெவர்.”